போன் சிஸ்டத்த கருப்பு ஸ்க்ரீன்ல பாத்துக்கலாமா, சாஃப்ட்வேர்லயா, ப்ரௌசர்லயா?

ஆபீஸ் போன் சிஸ்டத்த பாத்துக்குற பொறுப்பு கைக்கு வந்த உடனே ஒரு முடிவு எடுக்க வேண்டி வரும், சிஸ்டத்துக்குள்ள எந்த வழியா போறதுன்னு. பெரும்பாலான பிபிஎக்ஸ்ல, அதாவது ஆபீஸ் போன் சிஸ்டத்துல, ஒண்ணுக்கு மூணு வாசல் இருக்கும். ஒண்ணு அட்மின் டெர்மினல், அதாவது சீரியல் கேபிள் மாட்டியோ, நெட்வொர்க்ல எஸ்எஸ்எச்ங்கற பாதுகாப்பான இணைப்பு வழியாவோ உள்ள போய் டைப் பண்ற கருப்பு ஸ்க்ரீன். ரெண்டாவது கம்பெனிக்காரங்க குடுக்குற விண்டோஸ் சாஃப்ட்வேர். மூணாவது ப்ரௌசர்ல திறக்குற வெப் போர்ட்டல். சின்ன சிஸ்டம்னா நாலாவதா போன்லயே பட்டன் அமுக்கி ப்ரோக்ராம் பண்றதும் உண்டு. முதல்ல யார் எதக் காட்டிக் குடுத்தாங்களோ அதையே கெட்டியா புடிச்சிக்கிட்டு வருஷக்கணக்கா ஓட்டுறவங்கதான் அதிகம், நானும் அப்படித்தான் இருந்தேன், அதனால மத்த வழியோட அருமை எனக்கு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சது.

என் கணிப்ப முதல்லயே சொல்லிடறேன். தினசரி வேலைக்கு எது சௌகரியம்னு மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. எல்லாம் படுத்துக்கிட்ட அன்னிக்கு எது திறக்கும்னு பாருங்க. அப்படி பாத்தா டெர்மினல கத்துக்காம தப்பிக்க முடியாது, ஆனா டெர்மினல் மட்டும் போதும்னும் சொல்ல முடியாது.

முதல்ல டெர்மினல் பத்தி, ஏன்னா இதுலதான் சொல்றதுக்கு விஷயம் அதிகம். டெர்மினல்ங்கறது ஒரு காலத்துல நிஜமாவே தனி மெஷின், கீபோர்டும் ஸ்க்ரீனும் மட்டும்தான், உள்ள சொந்த மூளைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, ஆர்எஸ்-232ங்கற சீரியல் கேபிள்ல பிபிஎக்ஸோட ஒட்டிக்கிட்டு இருக்கும். டெக் (டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன்) கம்பெனியோட விடி100 வந்தது 1978ல, விடி220 வந்தது 1983ல. 80 எழுத்து அகலம், 24 வரி உயரம், அவ்வளவுதான் உலகம். இன்னிக்கு அந்த மெஷின் கிட்டத்தட்ட யார்கிட்டயும் இல்ல, லேப்டாப்ல ஓடுற எமுலேட்டர், அதாவது அந்த மெஷின் மாதிரி நடிக்குற சாஃப்ட்வேர், தன்னை விடி220னு சொல்லிக்கிட்டு உள்ள போகுது, அந்தப் பக்கம் இருக்குற சிஸ்டமும் நம்பி ஸ்க்ரீன அனுப்புது. ஏடி அண்ட் டி கிட்ட பொறந்த டெஃபினிட்டி சிஸ்டம் 1996ல லூசென்ட் கைக்கு போய், 2000ல அவயா கைக்கு வந்து, இப்ப கம்யூனிகேஷன் மேனேஜர்ங்கற பேர்ல சர்வர்ல ஓடுது, அதுல இன்னிக்கும் எஸ்எஸ்எச்ல 5022ங்கற போர்ட்ட திறந்தா பழைய டெர்மினல் ஸ்க்ரீன்தான் வரும், லாகின் பண்ணின உடனே நீ என்ன டைப் டெர்மினல்னு கேக்கும். அங்க உங்க எமுலேட்டருக்கு ஒத்துவராத டைப்ப குடுத்தீங்கன்னா ஃபங்ஷன் கீ ஒண்ணும் வேலை செய்யாது, ஃபார்ம எல்லாம் நிரப்பிட்டு சப்மிட் பண்ண வழி தெரியாம முழிக்கணும். புதுசா வர்றவங்க முதல் நாள்ல மாட்டிக்கிறது பெரும்பாலும் இங்கதான்.

உள்ள போயிட்டா அதோட இலக்கணம் ரொம்ப எளிமை. ஒரு வினைச்சொல், ஒரு பொருள், ஒரு நம்பர். டிஸ்ப்ளே ஸ்டேஷன் 2315ன்னு அடிச்சா அந்த எக்ஸ்டென்ஷனோட ஜாதகமே வரும், போன் என்ன மாடல், எந்த போர்ட்ல மாட்டியிருக்கு, யார் பேரு, எடுக்கலன்னா கால் எங்க போகும், வெளியூருக்கு டயல் பண்ண அனுமதி இருக்கா, பட்டன் எல்லாம் என்ன என்ன, பக்கம் பக்கமா போகும். ஆட், சேஞ்ச், டிஸ்ப்ளே, லிஸ்ட், ஸ்டேட்டஸ், ரிமூவ்னு ஆறு வினைச்சொல் மனப்பாடம் ஆச்சுன்னா மீதிய நீங்களே யூகிச்சு அடிக்கலாம்.

ஆனா எல்லா டெர்மினலும் இப்படி இல்ல. நார்டெல்லோட மெரிடியன் 1 சிஸ்டத்துல லாகி ன்னு அடிச்சு உள்ள போனா எந்த வேலைக்கு எந்த ஓவர்லே (அந்த வேலைக்குன்னு உள்ள தனி ப்ரோக்ராம்) நம்பர்னு உங்களுக்கு தெரிஞ்சிருக்கணும், டிஜிட்டல் போன்னா எல்டி 11, சாதா அனலாக் போன்னா எல்டி 10, இருக்குறத பாக்கணும்னா எல்டி 20. உள்ள ஃபார்ம் எல்லாம் கிடையாது, அது ஒவ்வொரு கேள்வியா கேக்கும், நீங்க ஒவ்வொரு பதிலா குடுக்கணும், மாத்த வேண்டாம்னா என்டர் தட்டிட்டு போயிட்டே இருக்கணும், தப்பா குடுத்தா எஸ்சிஎச்னு ஒரு கோடும் நம்பரும் துப்பும், அந்த நம்பருக்கு அர்த்தம் மேனுவல்ல தேடணும். வெளிய வர நாலு ஸ்டார். சீமென்ஸ் ஹைபாத் 4000னா ஏஎம்ஓ ன்னு வேற ஒரு பாஷை. அதனால 'எனக்கு டெர்மினல் தெரியும்'னு யாராவது சொன்னா எந்த சிஸ்டத்தோட டெர்மினல்னு கேட்டுக்கங்க, ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு வந்துடும்ங்கறது நடக்காது. ஆள் எடுக்கும்போதும் சரி, மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் குடுக்கும்போதும் சரி, இது முக்கியம்.

டெர்மினல நான் இவ்வளவு தூக்கிப் பேசறதுக்கு காரணம் கோளாறு கண்டுபிடிக்குறதுல அது செய்யுற வேலை. ஒரு உதாரணம் விவரமாவே சொல்றேன். ரிசப்ஷன்ல இருந்து கம்ப்ளைன்ட், வெளிய போற கால் எப்பவாவது ஒரு தடவ போக மாட்டேங்குது, திரும்ப அடிச்சா போயிடுது. இந்த எப்பவாவதுங்கற வார்த்த இருக்கே, அதான் இந்த வேலையில ரொம்ப கஷ்டமான வார்த்த. வெப் போர்ட்டல திறந்து பாத்தா ட்ரங்க், அதாவது வெளி உலகத்தோட சேக்குற லைன், பச்சை கலர்ல நல்லா இருக்குன்னு காட்டுது. போன் செட்ட மாத்தி பாத்தாச்சு, வயர மாத்தி பாத்தாச்சு, ஒண்ணும் ஆகல. டெர்மினல்ல ஸ்டேட்டஸ் ட்ரங்க் அடிச்சேன். இ1ங்கற டிஜிட்டல் லைன்னா பேசுறதுக்கு 30 சேனல், ஒவ்வொண்ணும் ஒரு வரியா வந்துச்சு, பாதி பேர் பேசிக்கிட்டு இருக்காங்க, பாதி சும்மா இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப அடிச்சேன், லஞ்ச் டைம்ல ஒரு தடவ, எல்லாரும் போன அப்புறம் ஒரு தடவ. யாருமே பேசாத நேரத்துலயும் ஒரே ஒரு சேனல் மட்டும் ஆக்டிவ்னு நிக்குது. அதுக்குள்ள கால் எதுவும் கிடையாது, எங்கயோ சிக்கிக்கிட்டு அப்படியே நிக்குது.

அப்ப அதுதான் குற்றவாளியான்னா, இல்ல. சிக்கி நிக்குற சேனல சிஸ்டம் தானா தாண்டிப் போயிடும், பிஸின்னு நெனச்சுக்கும். ஆனா அது ஒரு துப்பு, ஏதோ கார்டுலயோ லைன்லயோ சரியில்லன்னு. அடுத்து லிஸ்ட் ட்ரேஸ் போட்டு ரிசப்ஷன் எக்ஸ்டென்ஷன கண் வச்சிக்கிட்டு உக்காந்தேன். இதுதான் டெர்மினலோட உயிர்நாடி, அவங்க ரிசீவர எடுத்த நொடியில இருந்து ஒவ்வொரு அசைவும் டைமோட வரி வரியா ஏறிக்கிட்டே வரும், என்ன நம்பர் அடிச்சாங்க, எந்த ரூட் எடுத்துச்சு, எந்த ட்ரங்க் குரூப்ல எத்தனாவது மெம்பர (அதாவது சேனல) புடிச்சுச்சு, அந்தப் பக்கம் என்ன பதில் வந்துச்சு. கிட்டத்தட்ட இருபது கால் பாத்தேன். ஃபெயில் ஆன மூணு காலும் ஒரே மெம்பர் நம்பர்ல போயிருந்துச்சு, சிக்கி நின்ன சேனலுக்கு பக்கத்து சேனல். ரெண்டையும் பிஸிஅவுட் பண்ணி ஓரமா ஒதுக்கி வச்சேன், கம்ப்ளைன்ட் அந்த நிமிஷத்தோட நின்னுடுச்சு, மீதி 28 சேனல் அந்த ஆபீஸுக்கு தாராளம். அப்புறம் லைன் குடுத்தவங்ககிட்ட சேனல் நம்பரோட, டைமோட சொன்னதால அவங்களும் எதிர்க்கேள்வி கேக்காம அவங்க பக்கம் சரி பண்ணி குடுத்தாங்க. 'எப்பவாவது போகல'ன்னு மட்டும் சொல்லியிருந்தா எங்க பக்கம் ஓகேன்னு டிக்கெட்ட மூடியிருப்பாங்க.

ஆஸ்டரிஸ்க்கும் இதே கதைதான். 1999ல மார்க் ஸ்பென்சர் ஆரம்பிச்ச இந்த ஓப்பன் சோர்ஸ் சிஸ்டத்துக்கு மேல எவ்வளவு அழகான வெப் முகப்பு வேணும்னாலும் போட்டுக்கலாம், ஆனா கால் ஏன் கட்டாகுதுன்னு தெரியணும்னா கடைசியில அதோட கமாண்ட் லைனுக்கு வந்து லாக், அதாவது நடக்குறதோட பதிவு, ஓடுறத பாத்துதான் ஆகணும்.

சின்ன கம்ப்ளைன்ட்டுக்கும் உதவும். 'என் போன் அடிக்கவே மாட்டேங்குது'ன்னு ஒருத்தர் வருத்தமா வந்து நிப்பார், ஸ்டேட்டஸ் ஸ்டேஷன் அடிச்சா சென்ட் ஆல் கால்ஸ் (வர்ற கால் எல்லாத்தையும் வேற இடத்துக்கு திருப்பி விடுற பட்டன்) ஆன்ல இருக்குன்னு ஒரே வரியில தெரியும், எப்பவோ கை தவறி அந்த பட்டன அமுக்கியிருப்பார். பத்து செகண்ட் வேலை, அவர அவமானப்படுத்தாம சரி பண்ணி அனுப்பலாம்.

இன்னொரு பெரிய நன்மைய நிறைய பேர் யோசிக்கிறதில்ல. எமுலேட்டர்ல செஷன் லாக்கிங்க ஆன் பண்ணி வச்சுட்டா ஸ்க்ரீன்ல ஓடுன எல்லாம் டெக்ஸ்ட் ஃபைலா சேந்துடும். எதையும் மாத்துறதுக்கு முன்னாடி டிஸ்ப்ளே, மாத்தின அப்புறம் இன்னொரு டிஸ்ப்ளே, இத பழக்கமாக்கிக்கங்க. சிஸ்டம் தானா வச்சிக்கிற ஹிஸ்டரியில யாரு, எப்ப, எந்த எக்ஸ்டென்ஷன தொட்டாங்கன்னுதான் இருக்கும், பழைய வேல்யூ என்னன்னு இருக்காது. அந்த பழைய வேல்யூதான் நமக்கு தேவைப்படும், ராத்திரி பத்து மணிக்கு, எதையோ மாத்தி வேற எதுவோ கெட்டுப்போன அன்னிக்கு.

சரி, இப்ப டெர்மினலோட கெட்டதையும் சொல்லணும். முதல் கெட்டது சேவ். நீங்க மாத்துறது உடனே அமுலுக்கு வந்துடும், போன் உடனே வேலை செய்யும், அதனால வேலை முடிஞ்சிடுச்சுன்னு மனசு நம்பிடும். ஆனா அது மெமரியில மட்டும்தான் இருக்கு, டிஸ்க்ல ஏறல. அவயால சேவ் ட்ரான்ஸ்லேஷன்னு தனியா அடிக்கணும், நார்டெல்ல எல்டி 43 போய் ஈடிடி, ஹைபாத்ல எக்ஸெக் அப்டேட். ராத்திரி தானா சேவ் ஆகுற மாதிரி நிறைய சிஸ்டத்துல வச்சிருப்பாங்க, வச்சிருக்காங்களான்னு நீங்கதான் பாக்கணும். ஒரு ஆபீஸ்ல ஒரு டிபார்ட்மென்ட் முழுசும் இன்னொரு மாடிக்கு மாறுனப்ப நான் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனா மாத்தி, ஒவ்வொரு டேபிளுக்கும் போய் டயல் டோன் கேட்டு, கால் அடிச்சு பாத்து, களைச்சுப் போய் லேப்டாப்ப மூடிட்டு கிளம்பிட்டேன். சேவ் பண்ணல. அன்னிக்கு ராத்திரி கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் தீந்து சிஸ்டம் ஆஃப் ஆகி திரும்ப வந்துச்சு. மறுநாள் காலைல மாடி மாறுன ஒருத்தருக்கும் போன் இல்ல, எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிடுச்சு. அந்த மாடியில கஸ்டமர் கால் எடுக்குறவங்க இருந்தாங்க, மதியம் வரைக்கும் அவங்க சும்மா உக்காந்திருந்தத பாக்க எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. முதல் நாள் செஷன் லாக் இருந்ததாலதான் அரை நாள்ல திரும்ப போட முடிஞ்சது. அதுல இருந்து சேவ் அடிச்சு, 'சக்சஸ்'னு வந்து, அத லாக்ல பாத்த அப்புறம்தான் எழுந்திரிக்கிறது.

ரெண்டாவது கெட்டது, டெர்மினல் உங்கள நம்பும். ரிமூவ் அடிச்சு சப்மிட் பண்ணினா அந்த எக்ஸ்டென்ஷன் போச்சு, நிஜமாவான்னு சின்னக் குழந்தைக்கு சொல்ற மாதிரி ரெண்டு தடவ கேட்டுக்கிட்டு நிக்காது, ஒரு நம்பர் தள்ளி அடிச்சா வேற ஆளோட போன் போயிடும். மூணாவது, இது ஒருத்தர் தலைக்குள்ள தங்கிப் போற வித்தை. அவர் லீவுல போனா, வேலைய விட்டே போனா, அடுத்தவர் மேனுவல கையில வச்சிக்கிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இது சாதாரண குறை இல்ல, டெர்மினல் மட்டும் போதும்னு முடிவு பண்ற ஆபீஸ் அடி வாங்குறது இதுலதான்.

இப்ப விண்டோஸ் சாஃப்ட்வேர். அவயா சைட் அட்மினிஸ்ட்ரேஷன், ஐபி ஆபீஸ் மேனேஜர், பானாசோனிக்கோட மெயின்டனன்ஸ் கன்சோல், இந்த மாதிரி. மொத்தமா மாத்துற வேலைக்கு இத அடிச்சிக்க ஆள் இல்ல. அறுபது பேருக்கு பேரும் நம்பரும் மாத்தணும்னா டெர்மினல்ல அறுபது ஃபார்ம், இதுல ஒரு எக்ஸெல் ஷீட். ஆனா ஷீட்ல ஒரு காலம் தள்ளிப் போச்சுன்னா அறுபது பேர் போன்லயும் அடுத்தவர் பேர் வந்து நிக்கும், அதனால முதல்ல ரெண்டு எக்ஸ்டென்ஷன மட்டும் ஏத்தி, அந்த ரெண்டு டேபிளுக்கும் நடந்து போய் பாத்துட்டு மீதிய ஏத்துங்க. சைட் அட்மினிஸ்ட்ரேஷன் அடியில பேசுறது அதே டெர்மினல் பாஷைதான், அழகான ஃபார்ம மேல போத்தியிருக்காங்க, அதனால டெர்மினல் தெரிஞ்சவங்களுக்கு இது ஒரு நாள்ல பழகிடும்.

ஐபி ஆபீஸ் மேனேஜர் வேற ரகம். அது கான்ஃபிக்ரேஷன் முழுசையும் உங்க பிசிக்கு இழுத்து, நீங்க அங்க உக்காந்து மாத்தி, திரும்ப அனுப்பணும். சிலது ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஏறிடும், சிலதுக்கு சிஸ்டம் ரீபூட் ஆகணும், இப்பவே பண்ணவா, யாரும் பேசாத நேரம் பண்ணவான்னு கேக்கும். அந்த கேள்விய படிக்காம ஓகே தட்டிட்டா ஆபீஸ் மொத்தமும் பேசிக்கிட்டு இருக்கும்போதே லைன் கட்டாகும். ஒரு கஸ்டமர்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்குறவர் பாதி வார்த்தையில நிப்பார். அத நெனச்சுக்கிட்டே அந்த பட்டன அமுக்கணும்.

இந்த சாஃப்ட்வேர் வகையோட பெரிய தொந்தரவு அது ஓடுற பிசிதான். சாஃப்ட்வேர் வெர்ஷனும் சிஸ்டம் வெர்ஷனும் ஒத்துப்போகணும், விண்டோஸ் வெர்ஷன் ஒத்துப்போகணும், அதனால நிறைய ஆபீஸ்ல சர்வர் ரூம் மூலையில ஒரு பழைய பிசி இதுக்குன்னே உக்காந்திருக்கும், அதுக்கு பேக்கப் இருக்காது, அதோட பாஸ்வேர்டு மானிட்டர்ல ஒட்டியிருக்கும். அந்த பிசி செத்த அன்னிக்கு உங்க ஒரே வாசலும் மூடிடும்.

மூணாவது வெப் போர்ட்டல். இதோட பலம் ஆள் பிரிச்சுக் குடுக்குறது. ரிசப்ஷன்ல இருக்குறவங்களுக்கு பேர் மாத்தவும் வாய்ஸ்மெயில் பாஸ்வேர்டு ரீசெட் பண்ணவும் மட்டும் உரிமை, ஹெல்ப்டெஸ்க்குக்கு எக்ஸ்டென்ஷன் வரைக்கும், ரூட்டிங்கையும் ட்ரங்க்கையும் தொட உங்களுக்கு மட்டும்னு பிரிக்கலாம், யார் என்ன பண்ணாங்கன்னு அவங்க அவங்க பேர்லயே பதிவாகும். புது ஆளுக்கு அரை நாள்ல சொல்லிக் குடுத்துடலாம். சேவ் மறக்குற பிரச்சன குறைவு, ஏன்னா அது நேரா டேட்டாபேஸ்ல எழுதுது, ஆனாலும் ஆஸ்டரிஸ்க்குக்கு மேல போடுற ஃப்ரீபிபிஎக்ஸ் போர்ட்டல்ல மேல இருக்குற அப்ளை கான்ஃபிக் பட்டன அமுக்குனாதான் அமுலுக்கு வரும், சிஸ்கோ கால் மேனேஜர்ல போனுக்கு அப்ளையோ ரீசெட்டோ குடுக்கணும். தினமும் ஆள் சேர்றதும் போறதுமா இருக்குற ஆபீஸுக்கு போர்ட்டல்தான் சரி, இதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல.

ஆனா போர்ட்டல் மூப்படையுற வேகத்த கவனிக்கணும். ஒரு காலத்துல நிறைய போர்ட்டல் ஜாவா ஆப்லெட்லயும் ஃப்ளாஷ்லயும் எழுதுனாங்க, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல மட்டும் ஒழுங்கா திறக்கும். க்ரோம் 2015லயும் ஃபயர்ஃபாக்ஸ் 2017லயும் ஜாவா ப்ளக்இன் ஆதரவ எடுத்துட்டாங்க, ஃப்ளாஷ் 2020 டிசம்பரோட முடிஞ்சது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர 2022 ஜூன்ல ஓய்வு குடுத்து அனுப்பிட்டாங்க. பழைய டிஎல்எஸ் (ப்ரௌசர் இணைப்ப பாதுகாக்குற முறை) மட்டும் தெரிஞ்ச சிஸ்டத்த புது ப்ரௌசர் உள்ளயே விட மாட்டேங்குது. பிபிஎக்ஸ் இன்னும் கல்லு மாதிரி ஓடுது, அதோட போர்ட்டல் திறக்க மாட்டேங்குது. அதே நேரம் 1983ல வந்த விடி220ங்கறத இன்னிக்கு எந்த லேப்டாப்லயும் இலவச எமுலேட்டர் காட்டுது. பத்து வருஷம் வச்சு ஓட்டப் போற சிஸ்டம்னா இந்த கணக்க வாங்கும்போதே போட்டு பாருங்க.

இன்னொண்ணு, போர்ட்டல் நெட்வொர்க்க நம்பி நிக்குது. ஒரு தடவ மெயின் ஸ்விட்ச் போய் மொத்த நெட்வொர்க்கும் படுத்துடுச்சு, போர்ட்டல் ஓடுன சர்வரும் கூடவே போச்சு. டிஜிட்டல் போனும் இ1 லைனும் நெட்வொர்க்க நம்பி இல்லாததால வெளிய இருந்து கால் மட்டும் உள்ள வந்துக்கிட்டே இருக்கு, எடுக்க வேண்டிய கால் சென்டர் ஆளுங்க நெட்வொர்க் வழியா ஓடுற ஐபி போன்ல இருக்காங்க, அவங்க போன் எல்லாம் செத்துக் கிடக்கு. வெளிய கூப்பிடுறவங்களுக்கு ரிங் போய்க்கிட்டே இருக்கு, யாரும் எடுக்கல. ரேக்குக்கு கீழ சப்பணம் போட்டு உக்காந்து, யுஎஸ்பி சீரியல் கேபிள மாட்டி, ஸ்பீட் தெரியாம முதல்ல ஸ்க்ரீன் பூரா குப்பையா எழுத்து வந்து, 9600, 8 பிட், பாரிட்டி இல்ல, ஸ்டாப் பிட் 1ன்னு மாத்தின உடனே தெளிவா லாகின்னு வந்துச்சு பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவு நிம்மதி. ஹண்ட் குரூப்ப (ஒரே நம்பருக்கு வர்ற கால பல பேருக்கு பிரிச்சு விடுற குழு) டிஜிட்டல் போன் இருந்த நாலு பேருக்கு திருப்பி விட்டேன், அந்த நாலு பேரும் மாத்தி மாத்தி எடுத்து பேர், நம்பர் எழுதிக்கிட்டாங்க, ஒரு கஸ்டமரும் பதில் இல்லாம போகல. முழுக்க ஐபி போன் மட்டும் இருக்குற சிஸ்டம்னா இந்த வாதம் வலு குறையும், நெட்வொர்க் போனா போனும் போச்சு, நீங்க உள்ள போய் ஒண்ணும் பண்ண முடியாது, அத ஒத்துக்கறேன். அங்கயும் சர்வர் கன்சோல் வழியா உள்ள போய் சர்வீஸ் ஏன் எழல்லன்னு பாக்குறதுக்கு கருப்பு ஸ்க்ரீன்தான் வரும்.

போன்லயே ப்ரோக்ராம் பண்றத பத்தி ரெண்டு வரி. பத்து இருபது எக்ஸ்டென்ஷன் இருக்குற சிஸ்டத்துல நைட் மோட் டைம் மாத்த, ஒரு நம்பர் சேக்க போதும். கோட் நம்பர் புத்தகம் கையில இருக்கணும், சின்ன டிஸ்ப்ளேல ஒவ்வொரு அடியா போகணும், மாத்துனதுக்கு எந்த தடயமும் இருக்காது. அவசரத்துக்கு தெரிஞ்சு வச்சிக்கங்க, அதையே வழியா வச்சிக்காதீங்க.

ரெண்டு வாசல ஒரே நேரத்துல பாவிக்கும்போது வர்ற ஆபத்துதான் இந்த ஒப்பீட்டுல நிறைய பேர் விட்டுடற விஷயம். ஃப்ரீபிபிஎக்ஸ்ல கமாண்ட் லைன் வழியா உள்ள போய் எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபைல கையால மாத்துனீங்கன்னா அப்போதைக்கு வேலை செய்யும், அடுத்து யாராவது போர்ட்டல்ல அப்ளை கான்ஃபிக் அமுக்குன நொடியில உங்க மாத்தம் காணாம போயிடும், ஏன்னா அந்த ஃபைல அது தானா திரும்ப எழுதுது. கையால எழுதுறதுக்குன்னே கஸ்டம்னு பேர் முடியுற ஃபைல் தனியா வச்சிருக்காங்க, அதுலதான் எழுதணும். அவயாவோட வெப் போர்ட்டலான சிஸ்டம் மேனேஜர்லயும் நீங்க டெர்மினல்ல மாத்துனது போர்ட்டலோட காப்பிக்கு சிங்க் ஆகுற வரைக்கும் தெரியாது, அதுக்குள்ள இன்னொருத்தர் போர்ட்டல்ல பழசப் பாத்து முடிவெடுப்பார். அதனால ஒரு விதி வச்சிக்கங்க: மாத்துறது ஒரு வாசல் வழியா மட்டும், பாக்குறது எந்த வாசல் வழியா வேணும்னாலும்.

பாதுகாப்பு விஷயத்துல மூணுமே கவனமா வச்சா நல்லது, அலட்சியமா வச்சா ஆபத்து. டெல்நெட்ங்கற பழைய இணைப்புல பாஸ்வேர்டு வெத்து எழுத்தா நெட்வொர்க்ல போகும், அத மூடிட்டு எஸ்எஸ்எச் மட்டும் வைங்க. பழைய சிஸ்டத்துல மெயின்டனன்ஸ் போர்ட்ல ஒரு மோடம் மாட்டி மறந்துபோய் கிடக்கும், வெளிய இருந்து அந்த நம்பருக்கு டயல் பண்ணி, கம்பெனி வச்ச டீஃபால்ட் பாஸ்வேர்ட குடுத்து உள்ள வந்து, லீவு நாள்ல ராத்திரி பூரா வெளிநாட்டு நம்பருக்கு கால் ஓட்டிட்டு போறது இந்தத் தொழில்ல ரொம்ப பழைய திருட்டு. தேவைப்படும்போது மட்டும் மோடத்துக்கு கரண்ட் குடுங்க. போர்ட்டல இன்டர்நெட்டுக்கு நேரா திறந்து வைக்கவே கூடாது.

இப்ப முடிவுக்கு வருவோம். முப்பது எக்ஸ்டென்ஷனுக்குள்ள, மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு மாத்தம்னா விண்டோஸ் சாஃப்ட்வேர் போதும், ரெண்டு பிசில போட்டு வைங்க, ஒவ்வொரு மாத்தத்துக்கும் முன்னாடி கான்ஃபிக் ஃபைல தேதி போட்டு காப்பி எடுத்து வைங்க. நூத்துக்கணக்குல எக்ஸ்டென்ஷன், தினமும் மாத்தம், ரெண்டு மூணு பேர் சேந்து பாக்குறீங்கன்னா தினசரி வேலை போர்ட்டல்ல, கோளாறு பாக்குறது டெர்மினல்ல, கமாண்ட் தெரிஞ்சவங்க குறைஞ்சது ரெண்டு பேராவது இருக்கணும். பழைய டிஜிட்டல் சிஸ்டம், கம்பெனி சப்போர்ட் நின்னுபோச்சு, இன்னும் சில வருஷம் ஓட்டணும்னா யோசிக்கவே வேண்டாம், டெர்மினல்தான், மத்த வாசல் எல்லாம் ஒவ்வொண்ணா மூடிக்கிட்டே வரும். க்ளவுட் போன் சர்வீஸ்னா உங்க கையில போர்ட்டல் மட்டும்தான் இருக்கும், அங்க முடிவு வேற, கால் ட்ரேஸ் பாக்க எவ்வளவு தூரம் விடுறாங்கன்னு கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

எத தேர்ந்தெடுத்தாலும் இந்த வாரம் ஒரு சாயங்காலம் லேப்டாப்போட நெட்வொர்க் கேபிள கழட்டி, வைஃபைய ஆஃப் பண்ணிட்டு, சிஸ்டத்துக்குள்ள போக முடியுதான்னு பாத்துடுங்க. போக முடிஞ்சா என்ன கேபிள், எந்த போர்ட், என்ன ஸ்பீட், எந்த டெர்மினல் டைப், சேவ் பண்ற கமாண்ட் என்ன, பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்குன்னு ஒரே பேப்பர்ல எழுதி, அந்த கேபிளோடவே சேத்து கட்டி, ரேக் கதவுக்கு உள்பக்கம் தொங்க விட்டுடுங்க.